உரப்பை மேடு

அத்தியாயம் பதினேழு

மருமகன் கனகசிங்கத்தை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கி, நான்கு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள் அல்லவா? அன்றிலிருந்து, அவன் வேலை விடுகிற மாலை நாலரை மணிக்கு அன்னப்பூரணி அவனைத் தனியே பஸ் ஏற விட்டதில்லை.

மருமகனுக்கு இருபத்தேழு வயது. மட்டக்களப்பு ரவுனில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். அந்த வயதுக்காரன் தனியே பஸ்ஸில் வந்தால் றோட்டுச் சோதனைச் சென்றியில் இறக்கி ஓரமாக நிறுத்துவார்கள். அதே ஆள் காரின் பின் ஸீற்றில் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் மாமனும் மாமியும் இருக்க வந்தால், குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாதமாக அப்படித்தான் நடந்துவந்தது.

கல்யாணம் முடிந்து பெண் வீட்டுக்குக் குடிவந்த பிள்ளை அவன். அவனுடைய தாய் அவன் கையைப் பிடித்து அன்னப்பூரணியின் கையில் வைத்து, "இனி உங்கட பிள்ளை, மச்சாள்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அவனுக்கு ஒன்று நடந்தால் அந்தத் தாய் வந்து நிற்கப்போவது தன் முன்னால்தான் என்பதை அன்னப்பூரணி ஒரு நாளும் மறந்ததில்லை.

அதற்காக வாங்கியதுதான் அந்த டீசல் கார். அவளுடைய கணவர் நல்லரத்தினம் அரிசி மில்லில் எஞ்சின் பார்க்கிறவர். ஏறாவூர் றவூப்பிடமிருந்து அதைத் தன்னாமுனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று றவூப் சொல்லியே அனுப்பினார்: "அண்ணன், இது லேசில எழும்பாத ஆள். எழும்பினா லேசில படுக்காத ஆள். பிறகு என்னக் குறை சொல்லப்படாது."

எழும்பாததற்குக் காரணம் பற்றரி. பழையது செத்துவிட்டது. பற்றரி தடைச் சாமான்; புதிது வாங்க ஆமியின் கடிதம் ஒன்று வேண்டும். அந்தக் கடிதத்தை எடுக்க வேறொரு கடிதம் வேண்டும். பற்றரி இல்லாத காரை உருட்டித்தான் எழுப்ப வேண்டும். உருட்டுவதற்கு இறக்கம் வேண்டும். மட்டக்களப்பிலே இறக்கத்துக்கு எங்கே போவது? வாவியும் வயலும் தட்டுப்போல் கிடக்கிற ஊர்.

நல்லரத்தினம் இறக்கத்தை முற்றத்திலேயே கட்டினார். குசினிக்குப் பின்னால் குழி தோண்டி மணல் எடுத்து, அதை உரப்பைகளில் நிரப்பி அடுக்கினார். மேலே தென்னங்குற்றிகளைப் பரப்பினார். நாலடி உயரம். மாலையில் வந்ததும் கார் பின்பக்கமாக மேட்டில் ஏறும்; சில்லுக்குக் கல் வைப்பார்கள். வெயிலுக்கு மேலேயும் பக்கங்களிலும் தென்னோலை பின்னிய கிடுகு மறைப்பு. காலையில் கல்லை எடுத்தால் கார் தானாக இறங்கி, வாசல் படலையைத் தாண்டும்போது எழும்பிவிடும்.

ஓட ஆரம்பித்தால் பிறகு பயமில்லை. ஆனால் சென்றியில் எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். அங்கே நல்லரத்தினமும் பஸ் ஆட்கள் இரண்டு பேரும் தள்ள, அன்னப்பூரணி ஸ்ரேறிங்கைப் பிடித்து இரண்டாம் கியரில் கிளச்சை விடுவாள். எஞ்சின் பிடித்ததும் கியரை விடுவித்து, பிறேக்கை மிதித்து, பக்கத்து ஸீற்றுக்கு நகர்ந்துவிடுவாள். இரண்டு மாதத்தில் அவள் ஓட்டிய தூரமெல்லாம் சேர்த்தால் பனிச்சையடிச் சந்திக்குக்கூடப் போதாது.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பிட்ட கையோடு நல்லரத்தினம் டீசல் பில்டரைக் கழற்றினார்.

"இப்ப என்னத்துக்கு இத நோண்டுறீங்க? நாலு மணிக்கு வெளிக்கிட வேணுமெல்லா?"

"காலையில ரெண்டு தரம் விக்கினது உனக்குக் கேக்கல்லயா? பீப்பாவுக்கு அடியில கிடந்த டீசல். ஊத்தை அடைச்சிரிக்கு. விக்கி விக்கிப் போய் சென்றிக்கு முன்னால நிண்டா நல்லமா?"

அன்னப்பூரணி குனிந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள்.

பில்டரைக் கழற்றிப் பூட்டினால் குழாய்க்குள் காற்று போய்விடும். அதுதான் சங்கடம். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கையில் சுடும். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கிறது. டீசல் எஞ்சின் செய்வதும் அதுதான். காற்றை இருபது பங்கு நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பூந்தூறலாகப் பீச்சுகிறது. அது தானே பற்றிக்கொள்கிறது. தீப்பொறி தேவையில்லை. ஆனால் டீசல் வரவேண்டிய குழாயில் காற்று இருந்தால், பம்ப் அந்தக் காற்றைத்தான் நசுக்கிக்கொண்டிருக்கும். டீசல் ஒரு சொட்டும் போகாது. காரை வாவி வரைக்கும் தள்ளினாலும் எழும்பாது.

காற்றை எடுக்க ஒரு வழி உண்டு. பில்டரின் தலையில் ஒரு சின்னத் திருகாணி. பக்கத்தில் கட்டைவிரலால் அமுக்குகிற குமிழ். ஆணியை இளக்கிவிட்டுக் குமிழை அமுக்க அமுக்க, சோடாவைப் போல நுரைத்து வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் ஆணியை இறுக்க வேண்டும். இறுக்கி முடியும்வரை அமுக்கிய விரலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

நல்லரத்தினம் பத்துத் தடவை அமுக்கியிருப்பார். நாய் குரைத்தது.

வேலிக்கு வெளியே ஆமிக்காரர் ஆறு பேர். முகாமுக்குப் புதிதாக வந்தவர்கள். இந்த ஒழுங்கைப் பாதைக்கு இன்றுதான் முதல் வருகை. அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அடுக்கிய மணல் மூட்டைகள், அவற்றின் மேல் தென்னங்குற்றிகள், பக்கத்தில் புதுக் குழி, கிடுகு மறைப்புக்குள்ளே தலையை விட்டு ஏதோ பூட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர்.

அது பார்க்கிறவர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று இரண்டு மாதத்தில் இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு அது கார் படுக்கிற இடம்.

நல்லரத்தினத்தைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய், தலைக்கு மேல் கைகளைக் கோத்து முழங்காலில் நிறுத்தினார்கள். ஸ்பானர் மணலில் விழுந்தது. மகள் இராசாத்தி குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. மூட்டைகளைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"பங்கர் யார் கட்டினது?"

"பங்கர் இல்ல சேர்," என்றாள் அன்னப்பூரணி. "கார் மேடு."

"கார் மேடு என்ன?"

"கார உருட்டி ஸ்ராட் எடுக்கிற. பற்றரி இல்ல."

"மட்டக்களப்பில எல்லா வீடும் இப்பிடியா?"

"இல்ல சேர். எங்கட வீடு மட்டும்தான்."

"ஏன் உங்கட வீடு மட்டும்?"

உண்மையான பதில், இப்படியொரு வேலையைச் செய்ய ஊரில் வேறு யாருக்கும் புத்தி போகவில்லை என்பதுதான். அதை எப்படிச் சொல்வது?

"நான் காட்டுறன் சேர்," என்று நல்லரத்தினம் எழும்பப் பார்த்தார். துவக்குப் பிடி அவர் தோளை அமுக்கிக் கீழே இருத்தியது.

"நீ இல்ல. நீ தொடாதே." அதிகாரி அன்னப்பூரணியைப் பார்த்தார். "அம்மா செய். ஓடினா கார். ஓடாட்டி பங்கர்."

ஓடாவிட்டால் நல்லரத்தினம் எங்கே போவார் என்று அதிகாரி சொல்லவில்லை. மருமகன் நான்கு நாள் இருந்துவிட்டு வந்த கோலத்தை அவள் பார்த்திருக்கிறாள். நல்லரத்தினமோ ஐம்பத்திரண்டு வயது மனிதர், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்.

அவள் ஸ்பானரை மணலிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்தாள். மேட்டில் ஏறினாள். எஞ்சின் மூடி திறந்தே கிடந்தது. ஆணி இளகியபடி இருந்தது.

குமிழை அமுக்கினாள். நுரை வந்தது. அமுக்கினாள், அமுக்கினாள். பதினைந்து, இருபது. இன்னும் நுரைதான். நுரை நின்றதுபோல ஒரு தடவை தெரிந்ததும் விரலை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் ஆணியைப் பிடிக்கப்போனாள். ஆணியடியில் சளக்கென்று ஒரு குமிழி உள்ளே ஓடியது.

கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். பேசக்கூடாது என்று ஒருவன் அவருக்கு மேல் நின்றான். நல்லரத்தினத்தின் தலைக்கு மேல் கோத்திருந்த கைகளில் ஒரு கட்டைவிரல் மட்டும் மற்ற விரலை அமுக்கியது. அமுக்கியது, அப்படியே நின்றது.

எடுக்காதே.

மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை எண்ணவில்லை. நுரை குறைந்து, ஒற்றைக் குமிழியாகி, அதுவும் நின்று, தேன் நிறத்தில் டீசல் அவள் மணிக்கட்டு வழியே வழிந்தது. இடது கட்டைவிரல் குமிழிலேயே இருக்க, வலது கையால் ஸ்பானரைத் திருப்பினாள். கை வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் திருப்பினாள். இறுகிவிட்டது.

மூடியைச் சாத்தி உள்ளே ஏறினாள். சாவியைத் திருப்பினாள். ஸ்ரேறிங்கடியில் எஞ்சினை நிறுத்துகிற குமிழ் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டாம் கியர். கிளச்சை அடிவரை மிதித்தாள்.

"மகள், கல்ல எடு."

இராசாத்தி அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கல் உருண்டது.

கார் ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு குற்றிகள் கடகடக்க இறங்கியது. படலைத் தூண் பக்கத்தில் ஓடிவந்தது. காலையில் நல்லரத்தினம் கிளச்சை விடுகிற இடம் படலைத் தூண். கிளச்சை விட்டாள்.

கார் முட்டுப்பட்டதுபோலக் குலுங்கியது. பின்னால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. டக். டக். ஒன்றும் இல்லை. வேகம் குறைந்தது. ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. இன்னும் பதினைந்து அடி போனால் நின்றுவிடும்.

டக் டக் டக் என்று தொடங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு எஞ்சின் பிடித்தது.

அன்னப்பூரணி பிறேக்கை மிதித்துக் கியரை விடுவித்தாள்.

அதிகாரி யன்னலடிக்கு வந்தார். "சரி. ஓஃப் பண்ணு." சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி உருவி எடுத்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் ஓர் அடி விலகினார்கள்.

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் இறங்கும்போது வருகிற சிரிப்பு, அடக்கினாலும் அடங்காது. அந்தச் சிரிப்போடு பேச்சும் வந்தது.

"சாவி லைற்றுக்கும் ஹோர்னுக்கும்தான் சேர். இதுக்குக் கறண்ட் தேவையில்ல. ஓடத் துவங்கினா டீசல் உள்ளமட்டும் ஓடும். சாப்பாட்ட மறிச்சாத்தான் நிக்கும். இந்தா, இந்தக் குமிழ இழுக்க வேணும். இழுத்தா பம்புக்குள்ள வழி பூட்டுப்படும். பழைய டீசலெல்லாம் இப்பிடித்தான், காரெண்டாலும் மில் எஞ்சின் எண்டாலும்."

"அம்மாக்கு யார் சொல்லித் தந்தது?"

"அவர்தான் சேர். மில் எஞ்சின் அவர்தான் பாக்கிற. ஊரில ஆருட எஞ்சின் நிண்டாலும் இவரத்தான் கூப்பிடுவாங்க."

சொல்லி முடிக்கும்போதே அதிகாரியின் முகம் மாறியதை அவள் கண்டாள். கோபமில்லை. அதைவிட மோசம். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

அவர் கிணற்றடிக்குப் போய் நல்லரத்தினத்தை எழும்பச் சொன்னார்.

"காம்ப்ல ஜெனரேற்றர். டீசல். ரெண்டு கிழமை வேலை இல்ல. நாளைக்கு எட்டு மணி வா."

"நான் சின்ன எஞ்சின்தான் சேர் பாக்கிற..."

"வா."

அவருடைய அடையாள அட்டையை வாங்கி, பொக்கற்றில் போட்டு, பொத்தானைப் பூட்டினார். "வந்து எடு. இந்த மேடு இண்டைக்கே உடை."

சாவியை இராசாத்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நல்லரத்தினம் முழங்காலிலிருந்த மணலைத் தட்டினார். "நல்லாத்தான் பறைஞ்சாய், பூரணம்."

பாராட்டா, வேறா என்று அவளுக்குப் புரியவில்லை. "நான் என்ன நினைச்சு..."

"தெரியும்."

காம்புக்குப் போய் ஜெனரேற்றர் திருத்திக் கொடுத்த ஆளை மற்றப் பக்கத்து இயக்கக்காரர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அந்தப் பெயர் விழுந்தவனை என்ன செய்வார்கள் என்பதை அவர்கள் இருவரும் பேசவில்லை. போகாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாமல் இந்த ஒழுங்கையைத் தாண்ட முடியாது.

"மணி என்ன?" என்றாள் திடீரென்று.

மூன்றே முக்கால்.

"மருமகன் அங்க நிப்பான். கார் வராட்டி பஸ்ஸில ஏறிருவான்."

"நான் எப்பிடி வாற? சென்றியில அட்டைய கேப்பான்."

எஞ்சின் ஒழுங்கையில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நிறுத்தினால் திரும்ப ஏற்ற மேடு இருக்கப்போவதில்லை.

"நான் போறன்," என்றாள்.

"அம்மா, உங்களுக்கு ரெண்டாம் கியர்தானே தெரியும்," என்றாள் இராசாத்தி.

"ரெண்டிலயே போகட்டும்," என்றார் நல்லரத்தினம். "கத்தும். கத்தட்டும். உடையாது. மாட்டுக்கு மட்டும் பார்த்துப் போ."

றோட்டில் ஏறினாள். இடது பக்கம் வாவி வெயிலில் தகரம்போல மினுங்கியது. இரண்டாம் கியரில் எஞ்சின் அலறியது. சைக்கிள்கள் அவளை முந்திக்கொண்டு போயின. ஒரு சைக்கிள் மட்டும் முந்தவில்லை. மீன் பெட்டி கட்டிய சைக்கிள். ஓட்டியவர் நடுவயதுக்காரர், தலையில் தொப்பி. இந்தப் பக்கத்து மீன்காரர் எல்லாரையும் அவளுக்குத் தெரியும். இவரைத் தெரியாது.

"என்னகா, இண்டைக்குத் தனியவா?" யன்னலுக்கு நேரே வந்துகொண்டே கேட்டார்.

"ஓம்."

"அண்ணன் நாளைக்கு எட்டு மணிக்குக் காம்புக்குப் போறாராமே."

முற்றத்தில் நின்றது வீட்டார் மூன்று பேர். ஆமி ஆறு பேர். நடந்து இன்னும் அரை மணி ஆகவில்லை.

"ஆரு சொன்ன?"

"ஆரோ. போக வேணாம் எண்டு சொல்லுங்க. நல்ல மனிசன், ஊருக்கு வேணும்." பெடலை ஆற அமர மிதித்தார். "காம்பு இருட்டு இருட்டாவே இரிக்கட்டும் கா."

முந்திப்போகவும் அவளால் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அவர் தானாகவே ஒரு கைவழிப் பாதைக்குள் திரும்பிப் போனார். பெட்டியில் மீன் வாடையே வரவில்லை என்பது பிறகுதான் அவளுக்குப் பட்டது.

சென்றியில் ரவுனிலிருந்து வந்த பஸ் எதிர்ப்பக்கம் நின்றது. ஆட்கள் இறங்கி, அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். வரிசையில் இராசதுரையைக் கண்டாள். அரிசி மில்லில் நல்லரத்தினத்தோடு வேலை செய்கிறவன். இரண்டு மாதமாகக் கார் தள்ளுகிறவர்களில் ஒருவன்.

"எஞ்சின் ஓஃப்."

குமிழை இழுத்தாள். அலறல் நின்றது. அட்டையைக் காட்டினாள். ஸீற்றுக்கு அடியில் பார்த்தார்கள். டிக்கியைத் திறந்து மூடினார்கள். போ என்றார்கள்.

"தம்பி இராசதுரை," என்று யன்னலால் கூப்பிட்டாள். "ஒருக்காத் தள்ளி விடுறியா?"

அவன் வரிசையை விட்டு ஓர் அடி எடுத்தான். அதற்குள் காவல் கூண்டிலிருந்து வோக்கி டோக்கியோடு ஒருவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"டீசல் ஐயாட அம்மாவா? ஐயா நாளைக்கு எட்டு மணி, காம்ப். நல்லம், நல்லம்."

சத்தமாகத்தான் சொல்லி, காரைத் தள்ள மூன்று பேருக்குக் கை காட்டினான். இராசதுரையின் கால் அப்படியே நின்றது.

"வேணாம் சேர், பஸ் ஆக்கள் தள்ளுவாங்க..." என்று அன்னப்பூரணி சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. துவக்குகளை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று பேர் காருக்குப் பின்னால் போய்க் கை வைத்தார்கள். ஏதோ பகிடி சொல்லி ஒருவருக்கொருவர் சிரித்தார்கள். கார் நகர்ந்தது.

கிளச்சை மிதித்தபடியே இருந்தாள். விட்டால் எஞ்சின் பிடிக்கும். விடாவிட்டால் இன்னும் தள்ளுவார்கள். அந்த வரிசை முழுவதும், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றது. கார் ஒவ்வொருவரையும் மெல்ல மெல்லக் கடந்தது.

விட்டாள். கார் சூடாக இருந்ததால் ஒரே இழுவையில் பிடித்தது. பின்னால் ஒருவன் கை தட்டினான்.

கண்ணாடியில் பார்த்தாள். இராசதுரை வரிசைக்குத் திரும்பவில்லை. அவள் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் ட்றைவர் ஹோர்ன் அடித்து ஆட்களை ஏறச் சொன்னார். இன்னும் கால் மணி நேரத்தில் அந்த பஸ், கண்ட கதையோடு, தன்னாமுனையில் நிற்கும். நல்லரத்தினம் அப்போது முற்றத்தில் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார். மீன்காரர் சொன்னது அவருக்குத் தெரியாது.

முன்னால் ரவுன். அங்கே மருமகன். பின்னால் பஸ்.

எஞ்சின் அலறியது. அன்னப்பூரணி கிளச்சை மிதித்து, ஒரு நாளும் போட்டிராத மூன்றாம் கியரைத் தேடித் தடியை மேலே தள்ளினாள்.